மதுரை விமானம் தாமதம்: காத்திருப்பதா, வேறு விமானமா, பணத்தை வாங்கிக்கொண்டு ரயிலா?

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஓடுபாதை இல்லாமல் இல்லை. உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து இருக்கிறது, ஆனால் அது கடற்படையுடையது, நமக்கு அதில் ஏற வழியில்லை. ராமேஸ்வரத்தில் விமான நிலையம் வரும் என்று 2025 மார்ச் மாதத் தமிழக பட்ஜெட்டில் அறிவித்தார்கள். வரும்போது வரட்டும். இன்றைக்கு நமக்கு மதுரை, இல்லையென்றால் திருச்சி, சாயல்குடிப் பக்கத்தாருக்குத் தூத்துக்குடி, எதுவும் அமையாவிட்டால் சென்னை. ராமேஸ்வரத்திலிருந்து மதுரை நிலையம் ஏறக்குறைய 170 கி.மீ.; காரில் மூன்று, மூன்றரை மணி நேரம்.

இந்தத் தூரத்தால்தான் விமானத் தாமதம் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் யோசனைகள் நமக்கு அப்படியே பொருந்துவதில்லை. “மூன்று மணி நேரம் தாமதம்” என்ற குறுஞ்செய்தி மதுரை கே.கே. நகர்க்காரருக்கு வந்தால் வீட்டிலேயே இன்னொரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார். தங்கச்சிமடத்துக்காரருக்கு அது வரும்போது அவர் பரமக்குடியைத் தாண்டியிருப்பார். இருவருக்கும் உரிமை ஒன்றுதான், எடுக்க வேண்டிய முடிவு ஒன்றல்ல. செய்தி வரும் நேரத்தில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைக் கணக்கில் எடுக்காமல் காத்திருப்பதையும் ரீஃபண்டையும் ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

முதலில் ஒரு தப்புக் கணக்கு

“ஆறு மணி நேரம் லேட், பத்தாயிரம் ரூபாய் தரணும்” என்று கவுன்ட்டரில் சத்தம் போடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். இந்திய விதியில் அப்படி ஒன்று இல்லை. விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ 2010-ல் கொண்டுவந்து பின்னர் பலமுறை திருத்திய விதித்தொகுப்பு மூன்று நிலைகளைத் தனித்தனியாகப் பார்க்கிறது: விமானம் ரத்து, இடமில்லை என்று ஏற்ற மறுப்பது, தாமதம். முதல் இரண்டுக்குத்தான் ரொக்க இழப்பீடு. தாமதத்துக்குச் சாப்பாடு, தங்குமிடம், மாற்று விமானம், ரீஃபண்ட் ஆகியவை உண்டு. கையில் காசாக எதுவும் கிடையாது.

ஆகவே கவுன்ட்டரில் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது இது தாமதமா, ரத்தா என்பதைத்தான். காலை 10 மணி விமானத்தை மாலை 6 மணிக்கு அதே எண்ணில் இயக்கினால் தாமதம். அந்த எண்ணை எடுத்துவிட்டு உங்களை வேறு விமானத்தில் மாற்றிவிட்டால் அது ரத்து. ஊழியர் வாயால் இரண்டையும் “ரீஷெட்யூல்” என்றே சொல்வார். செய்தியில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள். அந்தச் செய்தியை அழிக்க வேண்டாம்.

ரத்து என்றால் முன்னறிவிப்பு எப்போது வந்தது என்பதைப் பொறுத்தது. புறப்பாட்டுக்கு 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லி, மாற்று விமானமோ ரீஃபண்டோ தந்துவிட்டால் இழப்பீடு இல்லை. அப்படிச் சொல்லாமல் ரத்து செய்தால், பயண நேரம் 1 மணி வரையுள்ள விமானத்துக்கு 5,000 ரூபாய், 1 முதல் 2 மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. இந்தத் தொகையையும் உங்கள் ஒருவழி அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம் இரண்டின் கூட்டுத்தொகையையும் வைத்துப் பார்த்து, எது குறைவோ அதைத்தான் தருவார்கள். மதுரை–சென்னை டிக்கெட்டில் அடிப்படைக் கட்டணமும் எரிபொருளும் சேர்ந்து 3,800 என்றால், பயண நேரம் ஒன்றேகால் மணியாக இருந்தும் கைக்கு வருவது 7,500 அல்ல, 3,800. டிக்கெட்டில் உங்கள் சரியான கைபேசி எண் இல்லையென்றால் அதுவும் இல்லை. ஊர் ஏஜெண்ட் தன் எண்ணையே எல்லா டிக்கெட்டிலும் போட்டுக் கொடுக்கும் வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. இழப்பீடு தவறுவதோடு, தாமதச் செய்தியும் ஏஜெண்டின் போனில் தூங்கிக்கொண்டிருக்கும்.

காத்திருப்பது

உணவுக்கான வரம்பு பயண நேரத்தைப் பொறுத்து மாறும். இரண்டரை மணிக்குள் முடியும் விமானம் என்றால் 2 மணி நேரத் தாமதத்திலிருந்து. இரண்டரை முதல் 5 மணி வரை பறப்பது என்றால் 3 மணியிலிருந்து. அதற்கு மேல் என்றால் 4 மணியிலிருந்து. மதுரையிலிருந்து சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், கொழும்பு எல்லாம் முதல் வகை. டெல்லி, துபாய் இரண்டாவது வகை.

இங்கே சொல்லும் பயண நேரம், விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து அடுத்த ஊரில் நின்று முடிப்பது வரை. டிக்கெட்டில் அச்சான இரண்டு நேரங்களின் வித்தியாசம்தான். வெளிநாடு என்றால் நேர வேறுபாட்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: துபாய் நம்மைவிட ஒன்றரை மணி பின்னே, சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னே. 11 மணிக்குக் கிளம்பி துபாய் நேரம் 1.45-க்கு இறங்குகிறது என்றால் பயணம் 2.45 அல்ல, 4.15.

என்ன தருவார்கள் என்பதையும் 2024 நவம்பரில் இன்னும் தெளிவாகச் சொன்னார்கள்: 2 மணி வரையிலான தாமதத்துக்குக் குடிநீர், 2 முதல் 4 மணி வரை தேநீர் அல்லது காபியுடன் நொறுக்குத்தீனி, 4 மணி நேரத்துக்கு மேல் சாப்பாடு. பெரும்பாலும் கூப்பன் வடிவில்தான் வரும். தானாகக் கொண்டுவந்து நீட்ட மாட்டார்கள். கேட்டால் கிடைக்கும், கூட்டமாகப் போய்க் கேட்டால் சீக்கிரம் கிடைக்கும்.

தங்குமிடம் இரண்டு சந்தர்ப்பங்களில்: மொத்தத் தாமதம் 24 மணியைத் தாண்டினால், அல்லது இரவு 8 மணிக்கும் விடிகாலை 3 மணிக்கும் இடையில் புறப்பட வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால். இந்த இரண்டாவது விதி நம் ஊர்ச் சபுராளிகளுக்கு, அதாவது வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவர்களுக்கு, மிக முக்கியமானது. திருச்சியிலும் சென்னையிலும் வளைகுடாவுக்கும் மலேசியா, சிங்கப்பூருக்கும் போகும் விமானங்கள் கணிசமாக இந்த இரவு நேரத்தில்தான். விதியில் “தேவைப்படும்போது” என்ற சொல் இருப்பதால், “நீங்க லோக்கல்தானே, வீட்டுக்குப் போய் வாங்க” என்று அனுப்பப் பார்ப்பார்கள். கீழக்கரையும் பெரியபட்டினமும் திருச்சிக்கு லோக்கல் அல்ல. பாஸ்போர்ட்டின் முகவரிப் பக்கத்தைக் காட்டி, போக நான்கு மணி, திரும்ப நான்கு மணி, தாமதமே ஏழு மணிதான் என்று கணக்கைச் சொல்லுங்கள். மறுத்தால் மறுப்பை மின்னஞ்சலில் கேளுங்கள். அறை வாடகை ரசீதோடு பின்னால் கோர அது உதவும். அறைக்குப் போகவர வண்டியும் அவர்கள் பொறுப்பு.

காத்திருப்பதில் தவறு நடப்பது பெரும்பாலும் இரண்டு இடங்களில். முதலாவது, “நாலு மணி நேரம் லேட்டுதானே” என்று வீட்டிலிருந்தே தாமதமாகக் கிளம்புவது. வசதிகள் எல்லாம் குறித்த நேரத்தில் செக்-இன் செய்தவருக்குத்தான் என்று விதி சொல்கிறது. அதோடு, தாமதம் குறையவும் செய்யும். வேறு விமானம் கிடைத்து நான்கு மணித் தாமதம் இரண்டு மணியாகச் சுருங்கினால் கவுன்ட்டர் உங்களுக்காகத் திறந்திருக்காது. உள்நாட்டு விமானங்களுக்குக் கவுன்ட்டரைப் பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். ராமநாதபுரத்தில் உட்கார்ந்து அந்தச் செய்தியைப் பார்த்தால் மதுரைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வீட்டில் இருக்கும்போது தாமதச் செய்தி வந்தால் இணையத்தில் செக்-இன் செய்துவிடுங்கள். புதிய நேரத்துக்கு அல்ல, பழைய நேரத்துக்கும் புதிய நேரத்துக்கும் நடுவிலுள்ள ஒரு நேரத்துக்குப் போய்ச் சேரும்படி கிளம்புங்கள்.

இரண்டாவது, தவணை முறையில் வரும் தாமதம். ஒரு மணி என்பார்கள், பிறகு இன்னும் முக்கால் மணி, பிறகு இன்னும் ஒன்றரை. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் வரம்புக்குள் இருக்கும். மூல அட்டவணை நேரத்திலிருந்துதான் மொத்தத்தை எண்ண வேண்டும். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள்.

விமானம் உண்மையில் எப்போது கிளம்பும் என்பதை அறிவிப்புப் பலகையைவிட அந்த விமானத்தின் முந்தைய பயணம்தான் சரியாகச் சொல்லும். மதுரையில் இரவில் நிறுத்திவைத்து காலையில் கிளப்பும் விமானங்கள் குறைவு. பெரும்பாலானவை சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வந்து, அரை மணி, முக்கால் மணியில் ஆளை மாற்றிக்கொண்டு திரும்புபவை. கைபேசியில் விமானத்தைத் தடம்பார்க்கும் செயலியில் உங்கள் விமான எண்ணைப் போட்டு, வர வேண்டிய விமானம் எங்கே என்று பாருங்கள். அது இன்னும் ஹைதராபாத்தில் தரையில் நிற்கிறது என்றால், பலகை “45 நிமிடம் தாமதம்” என்று எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம். இன்னொன்றையும் கவனியுங்கள். விமானிகளுக்கும் பணிக்குழுவுக்கும் ஒரு நாளில் இத்தனை மணிதான் வேலை என்ற உச்சவரம்பு உண்டு. நாள் முழுக்க இழுத்தடித்த விமானம் இரவு ஒன்பது மணிக்கு மேல் திடீரென்று ரத்தாவதற்கு அடிக்கடி அதுதான் காரணம். சிறிய நிலையங்களில் மாற்றுக் குழு கையிருப்பில் இருப்பது அரிது. மாலையில் 5 மணித் தாமதத்தில் நிற்கும் கடைசி விமானத்துக்காகக் காத்திருப்பது காலையில் அதே 5 மணி நேரம் காத்திருப்பதைவிட அபாயம்.

வேறு விமானம்

உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால், நிறுவனம் அதை 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லி, 6 மணி நேரத்துக்குள் கிளம்பும் மாற்று விமானம் அல்லது முழு ரீஃபண்ட் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விட வேண்டும். தேர்வு உங்களுடையது, அவர்களுடையது அல்ல.

என் பார்வையில் இந்தக் கரையோரத்தாருக்கு மூன்றில் நல்லது பெரும்பாலும் இதுதான். காரணம் காசு. மூன்று வாரத்துக்கு முன் 4,000 ரூபாய்க்கு வாங்கிய டிக்கெட்டை ரீஃபண்டாக வாங்கிக்கொண்டு அன்றைக்கே வேறொன்று வாங்கினால் அதே ஊருக்கு 9,000 கேட்பார்கள். மாற்று விமானமாகக் கேட்டால் அந்த விலையேற்றம் அவர்கள் தலையில்.

கேட்கும் விதத்தில் விஷயம் இருக்கிறது. நிறுவனம் அனுப்பும் இணைப்பில் தெரியும் விமானங்கள் பெரும்பாலும் அதே மதுரையிலிருந்து கிளம்புபவை. அடுத்தது மறுநாள்தான் என்று காட்டும். கவுன்ட்டரிலோ தொலைபேசியிலோ, “திருச்சியிலிருந்து போட முடியுமா, தூத்துக்குடியிலிருந்து போட முடியுமா” என்று நீங்களே பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். நிலையம் மாற்றித் தர வேண்டும் என்று விதி கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அதே நிறுவனத்தின் விமானத்தில் இடம் இருந்தால் தருவார்கள். மதுரையில் கூட்டம் குறைவது அவர்களுக்கும் நல்லது. போகிற செலவு யாருடையது என்பதை மாற்றுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

எந்த ஊர்க்காரர் எதைக் கேட்பது? தொண்டி, எஸ்.பி. பட்டினம், திருவாடானைப் பக்கம் தேவகோட்டை, காரைக்குடி வழியாகத் திருச்சி பெரிய அலைச்சல் இல்லை. சாயல்குடி, ஏர்வாடி, கமுதிப் பக்கத்தாருக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தூத்துக்குடி. அங்குள்ள வாகைக்குளம் விமான நிலையத்துக்கு 2025 ஜூலையில் புது முனையமும் திறந்திருக்கிறார்கள், ஆனால் போகும் ஊர்கள் குறைவு. பாம்பன், ராமேஸ்வரத்துக்காரருக்கு மதுரையை விட்டால் மற்றதெல்லாம் கூடுதல் தூரம். ஒன்று, மதுரைக்குள் ஏற்கெனவே வந்துவிட்டவர் திருச்சிக்கு மாற்றிக்கொள்ளலாம்; இரண்டரை மணி நேரம்தான். ராமநாதபுரத்தில் இருப்பவர் அவசரப்பட்டு மதுரைக்கு வந்துவிட்டு அங்கிருந்து திருச்சிக்கு ஓடுவதில் பொருளில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும் முன் அந்தத் தொலைபேசியைச் செய்யுங்கள்.

செக்-இன் பெட்டி உள்ளே போய்விட்டால் மாற்று விமானம் கேட்கும்போது பெட்டியை இறக்கித் தரச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். புது விமானத்தின் பெட்டிச் சீட்டில் புது எண் இருக்கிறதா என்று பார்க்காமல் நகர வேண்டாம்.

பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்புவது

ரீஃபண்ட் எப்போது மிஞ்சும்? சென்னைக்குப் போகிறவருக்கு. ராமேஸ்வரத்திலிருந்து சென்னைக்கு இரவு ரயில்கள் உண்டு. மதுரை விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகிறது என்றால், வீட்டிலிருந்து மதுரைக்கு 3 மணி, காத்திருப்பு, பறப்பது, மீனம்பாக்கத்திலிருந்து நகருக்குள் போவது என்று கூட்டினால் ரயிலுக்கும் அதற்கும் வித்தியாசம் பெரிதாக இருக்காது. பெங்களூருக்கும் ஓரளவு இது பொருந்தும், பேருந்தில். டெல்லி, மும்பைக்குப் பொருந்தாது. வேலைக்குத் திரும்ப வேண்டிய தேதி விசாவிலோ ஒப்பந்தத்திலோ எழுதியிருக்கும் வளைகுடாப் பயணி ரீஃபண்ட் வாங்குவது பெரும்பாலும் தவறான முடிவு. அவருக்குப் பணத்தைவிட விமானத்தில் இடம்தான் முக்கியம்.

ரயிலை நம்பிப் பணத்தை வாங்கும் முன் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். தட்கல் முந்தின நாள் காலை, குளிர்சாதன வகுப்புக்கு 10 மணிக்கும் மற்றதற்கு 11 மணிக்கும் திறக்கும். அன்றைக்கே வந்த தாமதச் செய்திக்கு அது உதவாது. முன்பதிவுப் பட்டியல் தயாரான பிறகு காலியிடம் இருந்தால் கிடைக்கும், திருவிழாக் காலத்தில் கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு தொல்லை: காற்று வேகம் கூடினால் பாம்பன் பாலத்தில் ரயிலை விடமாட்டார்கள், மண்டபத்திலோ பாம்பனிலோ நிறுத்திவைப்பார்கள். விமானத்தைத் தாமதமாக்கிய அதே புயல் ரயிலையும் நிறுத்தும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் விமான டிக்கெட்டைக் கைவிட்டு ரயிலுக்கு ஓடுவது எரியும் அடுப்பிலிருந்து கொதிக்கும் எண்ணெயில் குதிப்பது.

ரீஃபண்டில் அதிகம் பேர் பணத்தை இழப்பது ஒரு பொத்தானில். தாமதச் செய்தி வந்தவுடன் செயலியில் போய் “ரத்து செய்” என்பதை அழுத்திவிடுகிறார்கள். அது நீங்களாகச் செய்த ரத்து. கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள். நிறுவனம் அனுப்பிய செய்தியிலுள்ள இணைப்பு வழியாக, அல்லது கவுன்ட்டரில், தாமதத்தைக் காரணமாகப் பதிவு செய்து ரீஃபண்ட் கேட்க வேண்டும். “கிரெடிட் ஷெல்” என்று நிறுவனத்திலேயே பணத்தை வைத்துக்கொள்ளும் திட்டத்தைக் காட்டுவார்கள்; அதை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம் என்று ரீஃபண்ட் விதி சொல்கிறது. கடன் அட்டையில் செலுத்தியிருந்தால் 7 நாளில் அட்டைக் கணக்குக்குத் திரும்ப வேண்டும். ஏஜெண்ட் மூலம் வாங்கியிருந்தாலும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதே. “கம்பெனியிலிருந்து இன்னும் வரல” என்று ஏஜெண்ட் மாதக்கணக்கில் சொன்னால், டிக்கெட்டிலுள்ள பிஎன்ஆர் என்ற முன்பதிவு எண்ணை வைத்து நிறுவனத்திடமே ரீஃபண்ட் எந்தத் தேதியில் விடப்பட்டது என்று கேளுங்கள். பல நேரம் அது ஏஜெண்டின் கணக்கில் எப்போதோ வந்து சேர்ந்திருக்கும்.

இரண்டு டிக்கெட் வாங்கியவர்கள்

மதுரை–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–கோலாலம்பூர் வேறொரு டிக்கெட். தனித்தனியாக வாங்கினால் ஆயிரம், இரண்டாயிரம் மிச்சம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால், இரண்டாவது நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் வராத பயணி. டிக்கெட் பணம் போகும். முதல் நிறுவனம் சாப்பாட்டுக் கூப்பன் தரும், அதோடு சரி. ஒரே பிஎன்ஆரில் இருந்தால் அடுத்த இணைப்பில் ஏற்றிவிடுவது அவர்கள் வேலை, பெட்டியும் நேராகப் போகும்.

தனித்தனியாகத்தான் வாங்குவேன் என்றால் உள்நாட்டு விமானம் இறங்குவதற்கும் வெளிநாட்டு விமானம் ஏறுவதற்கும் நடுவே குறைந்தது 6 மணி நேரம் விடுங்கள். முதல் விமானம் அந்த நாளின் கடைசி மதுரை–சென்னை விமானமாக இருக்க வேண்டாம். அல்லது முந்தின இரவு ரயிலில் போய்விடுங்கள். ரயிலுக்கு ஒரு நல்ல விதி உண்டு: 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நீங்கள் ஏறாமல் விட்டால் முழுக் கட்டணமும் திரும்பும், இணைய டிக்கெட்டுக்கு ரயில் உண்மையில் கிளம்புவதற்குள் டிடிஆர் என்ற ரீஃபண்ட் கோரிக்கையைப் பதிய வேண்டும். ஆனால் ரயில் தாமதத்தால் விமானத்தைத் தவறவிட்டால் இரண்டு பக்கமும் எதுவும் தரமாட்டார்கள். பரமக்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் இடையிலான இருவழிச் சாலையில் லாரி கவிழ்ந்து நின்றதற்கும் அதேதான், அந்த 46.7 கி.மீ. தூரத்தை நான்கு வழியாக்க 2025 ஜூலையில் ஒப்புதல் தந்திருக்கிறார்கள் என்பது மட்டும் ஆறுதல். மதுரைக்குள் நுழையாமல் விரகனூர் சுற்றுச்சாலையில் திரும்பி நிலையத்துக்குப் போனால் அரை மணியாவது மிஞ்சும்.

“வானிலை” என்ற சொல்

புயல், மூடுபனி, கலவரம், வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் உத்தரவு போன்ற, நிறுவனத்தின் கைமீறிய காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது. ஆகவே எல்லாத் தாமதத்துக்கும் வானிலையையே சொல்லும் ஆசை அவர்களுக்கு வரும். சரிபார்க்கலாம்: அதே நேரத்தில் அதே நிலையத்திலிருந்து மற்ற நிறுவன விமானங்கள் கிளம்பினவா? வர வேண்டிய விமானம் எந்த ஊரில் நின்றது, அங்கே வானிலை எப்படி? டெல்லி மூடுபனியால் காலையில் தாமதமான விமானம் மதியம் மதுரைக்குத் தாமதமாக வருவது உண்மையிலேயே நடக்கும். மதுரையில் வெயில் அடிக்கிறதே என்று வாதிடுவதில் பயனில்லை.

2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட ஒரு மூடுபனி வழக்கில் தீர்ப்பளித்தது. வழக்கில் ஒரு பக்கம் இண்டிகோவை நடத்தும் இன்டர்குளோப் ஏவியேஷன். மூடுபனித் தாமதத்துக்கு நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதில்லை என்றது. அதே தீர்ப்பில், விமானத்துக்குள் நீண்ட நேரம் காத்திருக்கும் பயணிகளுக்கு உணவு, தண்ணீர், கழிப்பறை போன்ற அடிப்படை வசதிகளைச் செய்து தருவது மலிவுக் கட்டண நிறுவனங்களுக்கும் கடமைதான் என்றும் சொன்னது. ஆக, வானிலைக்காகப் பணம் கேட்டு நேரத்தை வீணாக்குவதைவிட, வானிலை நாளில் சாப்பாடு தராததைப் பிடித்துக்கொள்வது வலுவான வழக்கு. விமானத்துக்குள் ஏறி உட்கார்ந்த பின் நீண்ட தாமதம் என்றால், பயணிகளை மீண்டும் முனையத்துக்குள் இறக்கிவிடவும் 2024 மார்ச்சிலிருந்து வழிமுறை இருக்கிறது.

வெளிநாட்டுப் பயணத்துக்கு மேலே ஒரு அடுக்கு உண்டு. இந்தியா 2009-ல் சேர்ந்த மான்ட்ரியல் ஒப்பந்தம், தாமதத்தால் உங்களுக்கு உண்மையில் ஏற்பட்ட, ரசீதோடு நிரூபிக்கக்கூடிய நஷ்டத்தைக் கேட்க இடம் தருகிறது; தவறிய அடுத்த டிக்கெட், அறை வாடகை போன்றவை. தவிர்க்க முடிந்ததையெல்லாம் செய்தோம் என்று நிறுவனம் காட்டிவிட்டால் தப்பிக்கும். பெட்டி தாமதமாக வந்தால், கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள், சேதம் என்றால் 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்து ஊரிலிருந்து கிளம்பும் விமானம் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை ரொக்கமே உண்டு. கவுன்ட்டரில் “பத்தாயிரம் தரணும்” என்று கேட்பவர்களின் கணக்கு அங்கிருந்து கேள்விப்பட்டதாக இருக்கலாம்.

எங்கே முறையிடுவது

முதலில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவு, பிறகு புகார்களைக் கவனிக்கும் அவர்களுடைய நோடல் அதிகாரி. இரண்டு பதிலும் எழுத்தில் வேண்டும். தாமதச் சான்றிதழ் கேட்டால் தருவார்கள். அதில் காரணம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து ஏர்சேவா, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் தளம். செலவில்லை, செயலியிலிருந்தே செய்யலாம். ரீஃபண்ட் தொங்கிக்கொண்டிருப்பது, விதியில் எழுதிய தொகை வராதது போன்ற தெளிவான விஷயங்களுக்கு இது நன்றாக வேலை செய்கிறது. மன உளைச்சலுக்கு இழப்பீடு, தவறிப்போன நேர்காணல் போன்றவற்றுக்கு இங்கே எதுவும் நடக்காது. நுகர்வோர் உதவி எண் 1915-உம் அதே மாதிரி. நிறுவனத்தைத் தட்டி எழுப்ப உதவும்.

மாவட்ட நுகர்வோர் ஆணையம் வேறு ரகம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். “டெல்லி நீதிமன்றத்துக்கே அதிகாரம்” என்று டிக்கெட்டில் எழுதியிருந்தாலும் ராமநாதபுரத்திலேயே தாக்கல் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் இணையம் வழியாகவும் பதியலாம். வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் சட்டம் சொல்லும் 3 மாதத்தில் முடியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஐந்நூறு ரூபாய்க் கூப்பனுக்காக வாய்தா வாய்தாவாக அலைவது வீண். அறை வாடகை, தவறிய வெளிநாட்டு டிக்கெட், ஏற்ற மறுத்தது போன்ற ஆயிரங்களில் வரும் நஷ்டத்துக்கு மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

புகாரில் இருக்க வேண்டியவை: பிஎன்ஆர், மூல நேரமும் உண்மையில் கிளம்பிய நேரமும், ஒவ்வொரு தாமதச் செய்தியின் படம், கவுன்ட்டரில் எதைக் கேட்டீர்கள், என்ன மறுத்தார்கள், நேரம் என்ன, உங்கள் செலவு ரசீதுகள், கடைசியில் எவ்வளவு கேட்கிறீர்கள் என்று ஒரே எண். வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம் உண்டு. போர்டிங் பாஸ் வெப்பத்தில் அச்சிடும் தாள். நம் கடற்கரை வெக்கையில் பர்ஸுக்குள் சில மாதத்திலேயே எழுத்து வெளுத்துவிடும். இறங்கிய அன்றே படம் எடுத்து உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள்.